கேளாதவர் வீடு

சட்டத்தில் ஓர் ஐகாரம் விழாமல் போனதால் வந்த வினை இது.

ஊர்மக்கள் வெகுகாலம் மனுப் போட்டு, ஊர்வலம் போய், தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதன் பலனாக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'மக்கள் கேட்பு மன்றம் ஒன்று அமைக்கப்படும்' என்பது அதன் முதல் வரி. மக்களைக் கேட்கும் மன்றம் என்றுதான் எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் 'மக்களை' என்று எழுதாமல் 'மக்கள்' என்று எழுதிவிட்டார். மன்றத்துக்கு அலுவலர்கள் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த வரியை இலக்கணப்படி ஆராய்ந்தார்கள். அதற்கென்று அமைத்த குழு நெடுநாள் கூடிப் பேசி, மக்களே எழுவாய், ஆகவே கேட்க வேண்டியவர்கள் மக்கள்தான் என்று ஒருமனதாக முடிவு செய்தது. அன்றைக்கே ஒலிபெருக்கிகள் வாங்க உத்தரவு போயிற்று.

அது முதல் மன்ற மண்டபத்தில் மாதந்தோறும் தலைவர் பேசினார், மக்கள் கேட்டார்கள்.

"மக்களாட்சியில பேசறது எவ்வளவு பெரிய சுமை தெரியுமா?" என்று தலைவர் ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குவார். நல்ல ஆகிருதி. தொண்டையைச் செருமினாலே சுவரில் பூசிய சுண்ணாம்பு உதிரும். "அந்தச் சுமைய உங்க தோள்ல இருந்து இறக்கி எங்க தோள்ல வெச்சுக்கிட்டோம். முடிவெடுக்கற சுமை, அதையும் வாங்கிக்கிட்டோம். உங்களுக்குன்னு மிச்சம் வெச்சது ஒண்ணே ஒண்ணு. கேக்கறது. அதையாவது ஒழுங்கா செய்யக் கூடாதா?"

ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்கச் செவி ஆய்வாளர் என்று ஒருவர் இருந்தார். பேச்சு முடிந்ததும் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, "கேட்டீர்களா?" என்பார். பின்னால் நின்றுதான் கேட்க வேண்டும் என்பது விதி. முகத்துக்கு நேரே கேட்டால் மக்கள் கூச்சப்பட்டு உண்மையைச் சொல்லிவிடக்கூடும். "கேட்டேன்" என்று பதில் வந்தால் கடமை முடிந்தது. மருந்துக்கடைக்காரர் குறட்டையை நிறுத்தாமலே "கேட்டேன்" சொல்லப் பழகியிருந்தார். சொல்லாதவர் வீட்டு வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும்: 'கேளாதவர் வீடு'.

மெத்தைக்காரரின் அக்கா அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

அக்கா நெசவாலையில் வேலை பார்த்தவர். தறிக்கூடத்து இரைச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் தின்றுவிட்டு, வேலை ஓய்வின்போது ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்தனுப்பியது. காது போனாலும் முதுகு வளையவில்லை. தேர்தல் என்றால் சாவடி திறக்கும் முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். ஆலையில் விபத்து நடந்தபோது, மற்றவர்கள் எல்லாம் பார்க்கவில்லை என்று கையை விரித்துவிட, நீதிமன்றப் படியேறிப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வந்தவர் அவர் ஒருத்திதான். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் தலைகுனிந்து நின்றதில்லை. குனிய வேண்டிய காரியத்தைச் செய்ததில்லை, அவ்வளவுதான்.

மன்றம் கூடுகிறது, போவது குடிமக்கள் கடமை என்று சுவரொட்டியில் படித்ததும் அக்கா போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். பேச்சு முழுவதும் தலைவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மண்டபத்தில் கண் திறந்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்று கூடச் சொல்லலாம். ஆனால் ஆய்வாளர் முதுகுக்குப் பின்னால் நின்று, "கேட்டீர்களா? கேட்டீர்களா?" என்று கத்தியபோது அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பலகைக்காரர் வந்து வாசல் நிலையில் ஆணி வைத்தார். உள்ளே பஞ்சு கொட்டிக்கொண்டிருந்த மெத்தைக்காரர், தலை முடியெல்லாம் பஞ்சாக வெளியே ஓடிவந்தார்.

"என்னய்யா இது, யார் வீட்டுல எதை அடிக்கற?"

"மன்ற உத்தரவுண்ணே."

"எங்க அக்காவுக்குக் காது கேக்காதுய்யா! உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துக்கு மெத்தை தெச்சது யாரு? உறைக்கு ஓரம் அடிச்சது எங்க அக்கா."

"தெரியும்ணே. இன்னும் அமுங்காம இருக்கு. அந்த நன்றிக்குத்தான் சின்ன ஆணியா கொண்டுவந்தேன்."

"காது கேக்காதவங்களுக்குப் போய்க் கேளாதவர்னு பலகையா?"

"காரணம் எழுதப் பலகையில இடமில்லண்ணே" என்று சொல்லிவிட்டுச் சின்ன ஆணியைப் பலமாக அடித்தார்.

அக்கா வந்து நின்று பலகையைப் படித்தார். காது கேளாதவர் என்றால் அது உடம்பின் குறை. கேளாதவர் என்று மொட்டையாகப் போட்டால், சொன்ன பேச்சுக் கேளாதவர், அடங்காதவர், வளர்ப்புச் சரியில்லாதவர் என்றுதான் தெருவில் போகிறவன் படிப்பான். அக்காவின் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. தம்பிதான் துடித்தார். பிடுங்கி எறிந்துவிடட்டுமா என்று கையால் காட்டினார்.

"தொடாத!" என்றார் அக்கா. தன் குரலின் அளவு தனக்குத் தெரியாததால் அவர் எப்போது பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். "நீ பிடுங்கினா திருட்டுத்தனம் ஆயிடும்டா தம்பி. அடிச்சவன் பிடுங்கட்டும். அடிக்கச் சொன்னவன் என் முன்னால வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அது வரைக்கும் தொங்கட்டும்."

தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். மெத்தைக்கு அளவு கொடுத்திருந்த ஒருவர், அடங்காத வீட்டு மெத்தையில் படுத்தால் பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று சொல்லி விட்டாராம். ஒருநாள் சித்தப்பா மகன் வந்து, வாசலைத் தாண்டாமலே நின்று, "நம்ம வம்சத்துக்கே இப்படி ஒரு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்களே" என்றான். மெத்தைக்காரர் கையிலிருந்த நீள ஊசியைப் பார்த்துவிட்டு மீதியைப் போகும் வழியில் சொல்லிக்கொண்டு போனான்.

மெத்தைக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு மன்ற அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

முன்கூடத்தில் ஒரு சாளரம். அதன் மேல் 'இங்கே கேட்கவும்' என்று எழுதியிருந்தது. நம்மைப் போன்றவர்கள் வந்து கேட்பதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்களே என்று மெத்தைக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கிட்டே போய், "ஐயா, எங்க வீட்டுல..." என்று வாயெடுத்தார். சாளரத்துக்கு உள்ளேயிருந்து தலைவரின் பதிவு செய்த பேச்சு புறப்பட்டது. கடமையின் பெருமை, கடமையின் அருமை, கடமை இல்லாத நாடுகளின் வறுமை என்று முறையாக வந்து ஓய்ந்தது. "கேட்டதற்கு நன்றி" என்று ஒரு பெண்குரல் சொல்லிற்று.

"முடிஞ்சுதுல்ல, நகருங்க" என்றார் பின்னால் நின்ற இஸ்திரிக்காரர். "நானும் கேக்கணும்."

"நீங்க என்ன கேக்க வந்தீங்க?"

"எங்க தெருவுல தண்ணி வரல. தினம் வந்து இதைக் கேட்டுட்டுப் போறேன்."

"தண்ணி வந்துதா?"

"இல்ல. ஆனா இப்ப கோபம் வர்றதில்ல."

மெத்தைக்காரர் தட்டுத் தடுமாறிச் செவி ஆய்வாளரின் அறையைக் கண்டுபிடித்தார். ஆய்வாளர் மரியாதையாக நாற்காலி காட்டினார்.

"காது கேக்காம இருக்கறது உடம்பு சம்பந்தப்பட்டது. கேக்காம இருக்கறது கடமை சம்பந்தப்பட்டது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"காது கேட்டாத்தானே சார் கேக்க முடியும்?"

"அப்படிப் பாத்தா காது கேக்கற எல்லாரும் கேக்கறாங்கன்னு ஆகுமே. நீங்க மண்டபத்துக்கு வந்திருக்கீங்கதானே? கேக்கறாங்களா?"

ஆய்வாளரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். குடும்பத்தில் ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவர் இரு மடங்கு கேட்டு ஈடு செய்யலாம். அதற்கென்று ஒரு தனியறை இருந்தது. மெத்தைக்காரர் அங்கே நாள் முழுவதும் தலைவரின் பழைய பேச்சுகளைக் கேட்டார். அக்காவின் மானத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு இடத்தில், 'மக்களின் குரலே எங்கள் மூச்சு' என்று வந்தபோது, தன்னையறியாமல், "எப்ப சார் மூச்சு விட்டீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

வீடு திரும்பியபோது அவருக்கு முன்பே பலகைக்காரர் வந்து போயிருந்தார். பலகையில் இரண்டாவது வரி ஒன்று சேர்ந்திருந்தது: 'தம்பியும் அவ்வாறே. குற்றம்: கேட்கும்போது கேட்டல்.'

அக்கா அதைப் படித்துவிட்டுத் தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இந்தக் கதை ஒருவாறு தலைவர் வரை போயிற்று. ஊரிலேயே கேட்க மறுத்த ஒரு கிழவி என்று கேள்விப்பட்டதும் அவருக்குச் சினம் வரவில்லை. உற்சாகம்தான் வந்தது. மன்றத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மெத்தைக்காரரை வரச்சொல்லி, பத்திரிகைக்காரர்களையும் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க அக்காவ விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க. கேக்காத ஒரு உயிரும் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. அவங்க 'கேட்டேன்'னு சொல்ற வரைக்கும் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். இறங்கினா என் பேருக்கு முன்னால 'கேளாதவர்'னு போட்டு எழுதுங்க."

"அவங்களுக்குக் காது..." என்று ஆரம்பித்தார் மெத்தைக்காரர்.

"என் பேச்சு காது வழியாப் போறதில்ல. நேரா நெஞ்சுக்குப் போறது" என்றார் தலைவர். மறுநாள் இது கொட்டை எழுத்தில் வந்தது.

செய்தியை மெத்தைக்காரர் கையசைத்து அசைத்து அக்காவுக்குச் சொன்னார். மன்றத்துக்கு அவர்கள் வைத்திருந்த சைகை, விரல்களைக் கோழி அலகு போலத் திறந்து மூடுவது. தலைவருக்கு அதே அலகு, ஆனால் வயிற்றருகே. அக்கா நிதானமாகப் பார்த்துக் கேட்டார்:

"நான் சொன்னாத்தான் இறங்குவானா?"

ஆமாம் என்று தலையாட்டினார் தம்பி.

தறிக்கூடத்தில் நாளெல்லாம் கால்கடுக்க நின்ற மனுஷி, மெல்லச் சிரித்தார். "மெத்தை ஒண்ணு தெய்டா. நாற்காலி அளவுக்கு. பஞ்சு தாராளமா வை."

விழா நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. வழக்கம்போலக் கதவுகளைச் சாத்தினார்கள். தலைவர் மேடையில் இருக்கும் வரை யாரும் வெளியேறாமலிருக்க அவரே போட்ட விதி அது. முதல் வரிசை நடுவில் புது மெத்தை போட்ட நாற்காலியில் அக்கா அமர்ந்திருந்தார். முதுகு, சட்டம் அடித்தது போல் நேராக இருந்தது. மெத்தைக்காரர் மிச்சப் பஞ்சைப் பையில் கொண்டுவந்து, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காதில் வைத்துக்கொள்ளக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்.

தலைவர் கடமையின் பெருமை பேசினார். முடித்து, அக்காவைப் பார்த்துப் புன்னகைத்து, கையைக் காதருகே குவித்துக் காட்டினார். எந்த மொழியிலும் அதற்கு ஒரே பொருள்தான்.

"கேக்கல!" என்றார் அக்கா. ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் அதிர்ந்தது.

தலைவர் ஒலியைக் கூட்டச் சொன்னார். கடமையின் அருமை பேசினார்.

"கேக்கல!"

இன்னும் கூட்டினார்கள். இடது பக்கத்து ஒலிபெருக்கி புகைந்து உயிரை விட்டது. எழுதிக் கொண்டுவந்த பேச்சுகள் தீர்ந்தன. பழைய பேச்சுகளை ஓடிப்போய் எடுத்துவந்தார்கள், அவையும் தீர்ந்தன. பாலம் திறந்தபோது பேசியது, பாலம் விழுந்தபோது பேசியது, இரண்டும் ஒரே பேச்சு என்பது இரண்டாவதைப் படிக்கும்போதுதான் தலைவருக்கே தெரிந்தது. வெயில் மேற்குச் சாளரத்துக்கு வந்துவிட்டது. அக்கா இருந்த இடத்தில் இருந்தார்.

படிக்க ஏதும் இல்லாமல் போன பிறகு, மனிதர் முதல்முறையாக மனசிலிருந்து பேச வேண்டியதாயிற்று.

"அம்மா, நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியாது. முன்னல்லாம் தண்ணி வரலன்னு தினம் ஆள் வந்து நிப்பாங்க. அவங்களைக் கேக்க வெச்சோம். இப்ப தண்ணியைப் பத்திப் புகாரே இல்ல. தண்ணியும் இல்ல, அது வேற. இது சாதனை இல்லையா?"

இஸ்திரிக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"ஐகாரம் விட்டுப் போச்சுன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும். குழுவுல ஒருத்தர் சொன்னாரு. அவரை அடுத்த கூட்டத்துக்கு நாங்க கூப்பிடல."

மருந்துக்கடைக்காரரின் குறட்டை நின்றது. பஞ்சு எடுப்பது வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. அந்த மண்டபம் கட்டிய நாளிலிருந்து மக்கள் உண்மையிலேயே கேட்டது அன்றுதான்.

"நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா. வீட்டுலகூடக் கேக்கறதில்ல. கேட்டா அவங்க பாட்டுக்குப் பதில் சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம்... கேட்டுதா?"

"கேக்கல!"

செவி ஆய்வாளர் மேடைக்குப் போய்க் குனிந்து காதோடு பேசினார். மைக் அருகே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, இந்தம்மாவுக்குக் காது கேக்காதுன்னு அறிவிச்சு முடிச்சுடலாம்."

"அப்ப பலகை மாட்டினது தப்புன்னு ஆகாதா?"

"ஆகும்."

"ஆச்சுன்னா?"

"மன்னிப்புக் கேக்க வேண்டி வரும்."

"யாரு?"

ஆய்வாளர் சற்று யோசித்தார். "நம்ம விதிப்படி கேக்கறது எதுவா இருந்தாலும் மக்கள் வேலைதான், ஐயா. அவங்களையே நம்ம கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லலாம்."

கூட்டத்தில் ஓர் உறுமல் கிளம்பியது. தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பலகையை உடனே கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். அதற்கு மட்டும் கதவு திறந்தது. பலகைக்காரர் ஓடிப்போய், ஆணியோடு பிடுங்கி வந்து, மேடையின் ஓரத்தில் எல்லோரும் பார்க்க வைத்தார்.

மெத்தைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைத் தொட்டு, பலகையைக் காட்டினார். போதும், எழுந்துவிடலாம் என்று சைகை செய்தார்.

அக்கா பலகையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "அடிச்சவன் பிடுங்கிட்டான்" என்றார். "அடிக்கச் சொன்னவன்?"

அத்தனை கண்களும் தலைவர் பக்கம் திரும்பின. தலைவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். அதுவும் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஊரையே கேட்க வைத்த தொண்டை, கழுத்துப் பட்டைக்குள் எங்கேயோ படுத்துவிட்டது. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தறிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அக்காவுக்கு உலகம் எப்படித் தெரிந்ததோ, அப்படித் தெரிந்தது இப்போது மண்டபம் முழுவதற்கும்.

"கேக்கல!" என்றார் இஸ்திரிக்காரர்.

"கேக்கல!" என்றார் மருந்துக்கடைக்காரர், முழு விழிப்பில்.

"கேக்கல! கேக்கல! கேக்கல!" என்று வரிசைக்கு வரிசை எழுந்தது. பலகைக்காரரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கேக்கல" என்று மெல்லச் சேர்ந்துகொண்டார். ஆய்வாளர் யார் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பது என்று தெரியாமல் ஒரு தூணின் பின்னால் போய் நின்றார்.

தலைவர் படியைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறந்தார்கள். இறங்க வழியில்லை. மெல்ல, அந்தப் பெரிய உடம்பை மடக்கி, மேடையின் விளிம்பில் முழங்காலிட்டார். அக்காவுக்கு நேர் எதிரே, இரண்டு கைகளையும் கூப்பித் தலைக்கு மேலே தூக்கினார்.

கூச்சல் சட்டென்று அடங்கியது.

மெத்தைக்காரர் தாங்க மாட்டாமல் அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்து, வாயையும் கையையும் ஒருசேர அசைத்துச் சொன்னார்: "கேட்டுட்டாருக்கா. மன்னிப்புக் கேட்டுட்டாரு."

தலைவரின் கூப்பிய கைகளை அக்கா உற்றுப் பார்த்தார். அப்புறம் மெத்தையில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில் சொன்னார்:

"கேட்டது கேக்கலடா தம்பி. இன்னொரு தடவ கேக்கச் சொல்லு."